பருவந்தோறும் பிள்ளைகளோடு வெளியே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளை மண்ணிலும் மழையிலும் வெயிலிலும் கொஞ்சம் விட வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர், தாத்தா பாட்டிகள், ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: தொலைவில் உள்ள பத்து இடங்களுக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட, பக்கத்தில் உள்ள ஓர் இடத்துக்கு ஆண்டு முழுக்கப் போய் வருவது பிள்ளைக்கு அதிகம் தரும்.

எனக்கே செடி பெயர், பறவைப் பெயர் ஒன்றும் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், கூட இருங்கள். "இது என்னம்மா?" என்று பிள்ளை கேட்கும்போது, பல நேரம் அது பெயரைக் கேட்பதில்லை; "இங்கே வந்து பாரேன்" என்று கூப்பிடுகிறது. நின்றபடியே பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்த இடத்தில் பேச்சு முடிந்துபோகும். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அட, ஆமாம்! இதுக்கு எத்தனை கால் இருக்கு?" என்று கேட்டால் பேச்சு அங்கே தொடங்கும்.

பெயர் தெரியாத பறவைக்குப் பிள்ளையையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். "வாலாட்டி", "கண்ணாடிக்காரன்" என்று ஏதாவது வைப்பார்கள். பெயர் வைப்பதற்காகவே அதை உற்றுப் பார்த்திருப்பார்கள். உண்மையான பெயரை அப்புறம் சேர்ந்து தேடிக்கொள்ளலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி மட்டும் சொல்லிவிடாதீர்கள். "தெரியலையே, பார்ப்போமா?" என்பது மிக நல்ல பதில்.

எந்த வயதில் தொடங்கலாம்?

கைக்குழந்தையிலேயே. மரத்தடியில் துணி விரித்துப் படுக்கவைத்தால் இலை அசைவதையே பார்த்துக்கொண்டிருக்கும். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கல், தண்ணீர், குச்சி போதும். எதையும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. நான்கைந்து வயதில் எறும்பு, புழு, பூச்சி. எட்டு வயதுக்கு மேல் சேகரிப்பதும் எண்ணுவதும் குறித்துவைப்பதும் பிடித்துப்போகும்.

எங்கள் பக்கத்தில் காடும் இல்லை, மலையும் இல்லை. எங்கே போவது?

நடந்து போகிற தூரத்தில் ஒரு மரம் இருக்கிறதா? அது போதும். மரம், அதைச் சுற்றிப் பத்தடி மண், மேலே தெரிகிற வானம். அந்த இடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் மாதம் இருமுறை, அங்கே போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதற்குப் பிறகுதான் வேறுபாடு கண்ணில் படும். போன தடவை மொட்டையாக இருந்த கிளையில் செந்தளிர் வந்திருக்கும். பட்டையில் ஊர்ந்த எறும்பு வரிசை வேறு பக்கம் திரும்பியிருக்கும். வேருக்கடியில் புதிதாக ஒரு வளை தோண்டியிருக்கும். முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் மாற்றம் தெரியும். சுற்றுலா போகிற இடத்தில் இது கிடைக்காது. அங்கே எல்லாமே புதிது, எது மாறியது என்று சொல்ல முடியாது.

பழந்தமிழ் இலக்கியத்தில் ஆண்டை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக ஆறு பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த நாட்டில் இருந்தாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே மரத்தை அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். ஆண்டு முடிவில் ஆறு படத்தையும் பிள்ளையிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும்?

முடிந்த அளவு. ஆனால் பள்ளி, வீட்டுப்பாடம், வேலை எல்லாம் இருக்கிற வீட்டில் அரை மணி நேரமும் பெரிய விஷயம்தான். கண் பார்வைக்காக ஒரு தகவலைச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருந்த பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு. வெளிச்சம்தான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே நிழலில் உட்கார்ந்தாலும் பலன் உண்டு. வெயிலில் காய வேண்டியதில்லை.

மழையில் நனைய விடலாமா? சளி பிடிக்காதா?

சளியைத் தருவது வைரஸ் கிருமி; மழைத்தண்ணீர் அல்ல. ஆனால் நனைந்த துணியோடு காற்றில் நெடுநேரம் நின்றால் உடம்பு குளிர்ந்து பிள்ளை வாடிப்போகும். சிறு குழந்தைகளுக்கு அது சீக்கிரம் நடக்கும். ஆகவே நனையட்டும், உதடு நடுங்கத் தொடங்குவதற்குள் வீட்டுக்கு வந்து துவட்டி, உலர்ந்த துணி போட்டுவிடுங்கள். ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை மேலிருந்து விழுகிற மழையைப் பற்றி இல்லை, தேங்கி நிற்கிற தண்ணீரைப் பற்றித்தான். சாக்கடை கலந்த தண்ணீரிலும் எலி நடமாடும் இடத்துத் தண்ணீரிலும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உள்ளே போகும். குதித்து விளையாடச் சுத்தமான மண்தரைக் குட்டை சரி, தெரு வெள்ளம் வேண்டாம். ஓடுகிற தண்ணீர் எவ்வளவு ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் அதில் இறங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் என்பதால் மழைக்காலத்தில் முழுக்கைச் சட்டை நல்லது.

இடி மின்னல் வந்தால்?

உள்ளே வந்துவிட வேண்டும், அதில் பேரமே இல்லை. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும்; அதாவது 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வெளியே. மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

சன்னலுக்குள் இருந்தபடி பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். இடிக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு இது நல்ல மருந்து. எண்ணிக்கை கூடக்கூட, "தூரமா போகுது!" என்று அதுவே சொல்லும்.

மழை விட்ட பிறகு என்ன பார்க்கலாம்?

ஆண்டு முழுக்கவும் பார்ப்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பது என் எண்ணம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத அளவுக்கு இருக்கும்.

முதலில் மூக்கு. நெடுநாள் காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது வருகிற வாசனையைக் கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள். காய்ந்த காலத்தில் செடிகளிலிருந்து வரும் எண்ணெய்ப் பொருள்கள் மண்ணிலும் பாறையிலும் ஊறிக்கிடக்கின்றன. மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகிறது. மழைத்துளி மண்ணில் மோதும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகள் அடியில் சிக்கி, மேலே வந்து வெடித்து, இவற்றைக் காற்றில் தூவுகின்றன. தூறலில் இந்த வாசனை தூக்கலாக இருப்பதும் அடைமழையில் குறைவாக இருப்பதும் இதனால்தான். மனித மூக்கு ஜியோஸ்மினை மிக மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் தரை. மண்புழு மேலே வந்திருக்கும். மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்து மூச்சு முட்டுவதால் வருகிறது என்று சொல்வார்கள். ஆனால் அது தோலால் மூச்சுவிடுகிறது, தண்ணீரிலும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். ஈரத் தரையில் வெகுதூரம் சுலபமாக நகர முடிவது ஒரு காரணமாக இருக்கலாம். மண்புழுவுக்குக் காது உண்டா என்று பிள்ளை கேட்டால் சார்லஸ் டார்வின் செய்ததைச் சொல்லுங்கள். தொட்டிகளில் மண்புழு வைத்துக்கொண்டு, அவற்றின் பக்கத்தில் விசில் ஊதி, பசூன் என்ற ஊதுகுழலை வாசித்துப் பார்த்தார். அவை கண்டுகொள்ளவே இல்லை. தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காது இல்லை, அதிர்வு தெரிகிறது. பெரிய விஞ்ஞானி புழுவுக்கு வாத்தியம் வாசித்த கதையைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

மாலையில் ஈசல் கிளம்பினால் விளக்கடியில் போய்ப் பாருங்கள். பறந்து விழுந்த ஈசல் உடம்பை முறுக்கிச் சிறகை உதிர்க்கும். கத்தரித்த மாதிரி அடியில் ஒரு கோட்டில் ஒடியும். பிறகு பெண் முன்னால் ஓட, ஆண் அதன் வால் நுனியை ஒட்டினாற்போல் பின்னால் ஓடும். இரண்டும் மண்ணில் ஒரு விரிசல் தேடிப் போகின்றன. பிழைத்தால் புதிய கரையான் புற்று ஒன்றின் ராஜாவும் ராணியும் அவைதான். இப்படி ஒரு ஜோடியைக் கண்டுபிடித்துப் பின்தொடரச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போனதே தெரியாது.

நத்தை கிடைத்தால் ஒரு கண்ணாடிமேல் விட்டு அடியிலிருந்து பாருங்கள். காலடித் தசையில் அலை அலையாக ஓடுவது தெரியும்.

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்பதெல்லாம் உண்மையா?

பிள்ளைகளே சோதித்துப் பார்க்கட்டும்! இதைவிட நல்ல விடுமுறை வேலை எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு தாளில் மூன்று கட்டம்: தேதி, தட்டான் எந்த உயரத்தில் பறந்தது (முழங்கால், தோள், தலைக்கு மேல்), மறுநாள் மாலைக்குள் மழை வந்ததா. முக்கியமானது என்னவென்றால், தாழப் பறந்தும் மழை வராத நாளையும் எழுத வேண்டும். பழமொழி பலித்த நாள் மட்டும்தான் நமக்கு நினைவிருக்கும், எழுதிவைத்தால் ஏமாற முடியாது.

"எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறில் மழை" என்பதையும் அதேபோல் பார்க்கலாம். எறும்பு தூக்கிப்போகிற வெள்ளை உருண்டைகளை லென்சில் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை முட்டை அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களும் என்று தெரியும். எறும்பின் முட்டை மிகச் சிறியது.

பனிக்காலத்தில் காலையில் எழுப்புவதே பாடு. எழுந்தால் அப்படி என்ன இருக்கிறது?

சிலந்தி வலை. வெயில் ஏறுவதற்குள் போனால் மட்டும். மற்ற நாளில் கண்ணுக்கே தெரியாத வலைகள் அன்று பனித்துளி கோத்து, புல்லிலும் வேலியிலும் கம்பியிலும் வெள்ளையாகத் தொங்கும். ஒரே புதரில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், நம் கண்ணுக்குத் தப்பி எவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைக்குப் புரியும்.

சக்கர வலை ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே ஓடும் ஆரக்கால் இழைகள் ஒட்டாது. சுற்றிச் சுற்றி வரும் இழைதான் ஒட்டும். ஒரு புல் நுனியால் இரண்டையும் மெல்லத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நடுவில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண் சிலந்தி. வலையின் ஓரத்தில் பொடியாக இன்னொன்று இருந்தால் அது ஆணாக இருக்கலாம். இப்படிப்பட்ட சிலந்திகளில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னும். நேற்று பார்த்த வலை இன்று அதே இடத்தில் இருந்தாலும் அதே வலையாக இருக்காது.

பனித்துளியிலும் ஒரு புதிர் உண்டு. திறந்த புல்வெளி நனைந்திருக்கும், மரத்தடி காய்ந்திருக்கும். இரவில் தரை தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுவிட்டுக் குளிர்கிறது, குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் துளியாகிறது. மரமோ மேகமோ மேலே மூடியிருந்தால் சூடு அவ்வளவாகத் தப்பாது. ஆகவே மேகமில்லாத இரவுக்கு மறுநாள்தான் பனி அதிகம். இன்னொன்றும் கவனியுங்கள். சில புற்களில் சரியாக நுனியில் மட்டும் ஒரே உருண்டைத் துளி நிற்கும். அது பனியே அல்ல. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலையே நுனி வழியாக வெளியே தள்ளியது.

குளிர்காலம் வலசைப் பறவைகளின் காலமும்கூட. உங்கள் ஊர்க் குளத்தில் புதிதாக ஏதாவது நீந்தினால், அது எங்கிருந்து வந்தது என்று தேடச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்குமே இறங்காமல் பறந்தது. உடம்பில் பொருத்திய கருவி மூலம் தெரிய வந்தது. அப்போது அந்தப் பறவைக்கு வயது ஐந்து மாதம்.

நாங்கள் இருக்கிற நாட்டில் பனி கொட்டும். குளிரில் என்ன செய்வது?

அடுக்கடுக்காக உடுத்துங்கள், விரல் நுனியையும் காதையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். புதுப்பனியில் பறவை, அணில், நாய் நடந்த தடங்களைப் பின்தொடர்வது எந்த வயதுக்கும் பிடிக்கும். கறுப்புத் துணி ஒன்றைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டு, அதில் விழுகிற பனித்துகளை லென்சில் பாருங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல், 19 வயதில், பனித்துகளை நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார்.

கோடையில் வெளியே தலைகாட்டவே முடியவில்லையே?

பகல் பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை வீட்டிலேயே இருங்கள். விடிகாலையும் அந்தியும்தான் கோடைக்கு. தண்ணீரைத் தாகம் எடுப்பதற்கு முன்பே கொடுத்துக்கொண்டிருங்கள். பிள்ளை சோர்ந்து, தலைவலி, வாந்தி என்றால் உடனே நிழல், தண்ணீர், ஈரத்துணி. உடம்பு கொதித்து, உளறலோ மயக்கமோ வந்தால் மருத்துவமனை.

கோடையின் பாடம் நிழல். ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் நுனியில் மணிக்கு ஒரு கல் வையுங்கள். நிழல் மிகக் குட்டையாகிற நேரம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியாக இருக்கவேண்டியதில்லை என்று பிள்ளை கண்டுபிடிக்கும். இதையே மாதம் ஒருமுறை, ஆண்டு முழுக்கச் செய்தால் இன்னும் நல்லது. காலையில் சூரியன் எந்தக் கட்டடத்துக்கு மேல், எந்த மரத்துக்குப் பின்னால் எழுகிறது என்றும் குறித்துவையுங்கள். மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் நேர்கிழக்கில் எழும். ஜூன் 21 வரை வடக்கே நகர்ந்து, திரும்பி, டிசம்பர் 21 வாக்கில் தெற்குக் கடைசியைத் தொடும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

காய்ந்த மரத்தைப் பார்த்து "செத்துப்போச்சா?" என்று கேட்பார்கள். சில மரங்கள் வறண்ட காலத்தில் தண்ணீரைச் சேமிக்க இலையை உதிர்க்கின்றன. உதிர்ப்பதற்கு முன் இலையில் இருக்கிற சத்தில் நிறைய பகுதியைக் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பச்சையம் சிதைவதால் அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. இலை விழுந்த தழும்புக்கு மேலேயே அடுத்த மொட்டு இருக்கும், விரலால் தடவிப் பார்க்கலாம்.

இரவில் அழைத்துப் போகலாமா?

கட்டாயம். மொட்டைமாடியும் போதும். வெளிச்சத்தை அணைத்துவிட்டு இருபது முப்பது நிமிடம் பொறுங்கள், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தாலும் பழகியது கெட்டுவிடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு நிலா. முழுநிலா சூரியன் மறைகிற நேரத்தில் எழும். அதன் பிறகு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதம். அடிவானத்தில் பெரிதாகத் தெரிகிற நிலாவைக் கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சிக்கு வந்த பிறகும் அதே விரலால் மறைக்கட்டும். அளவு ஒன்றுதான், பெரிதாகத் தெரிந்தது கண்ணின் மயக்கம்.

பெரியவர்களானால் விண்கல் மழை: ஆகஸ்ட் 12, 13 வாக்கில் ஒன்று, டிசம்பர் 13, 14 வாக்கில் ஒன்று. நிலா வெளிச்சம் இல்லாத ஆண்டாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

வானம் மூடியிருந்தால் காது. சில்வண்டுகளில் ஆண்தான் சிறகோடு சிறகு உரசிப் பாடுகிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பேர் 1897-இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். புழுக்கமான இரவிலும் குளிர்ந்த இரவிலும் நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி ஒப்பிடட்டும்.

கம்பளிப்பூச்சி, புழுவை வீட்டில் வைத்து வளர்க்கலாமா?

மயிர் அடர்ந்ததைத் தொடவே வேண்டாம், சிலவற்றின் மயிர் தோலில் குத்தி அரிக்கும். குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டுத்தாளை ஒட்டிப் பிரித்து எடுங்கள். மயிரில்லாத புழுவை அது இருந்த செடியிலேயே தினமும் போய்ப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

எலுமிச்சைச் செடி இருந்தால் தளிரிலையைப் புரட்டிப் பாருங்கள். குண்டூசித் தலையளவு மஞ்சள் முட்டை இருக்கலாம். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். இலைமேல் வெட்டவெளியில் கிடந்தாலும் பறவை சீண்டாது. சில தடவை தோலுரித்துக் கடைசியில் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி ஒரு நெடியைக் கிளப்பும். பிறகு ஒரு தண்டில் இடுப்பைச் சுற்றிப் பட்டு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சில வாரத்தில் எல்லாம் நடந்துவிடும். நடுவில் ஒருநாள் புழு காணாமல் போய்விடலாம், குருவியோ குளவியோ கொண்டுபோயிருக்கும். அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

எருக்கஞ்செடியிலும் அழகான புழுக்கள் இருக்கும். ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் மோசமாகப் பாதிக்கும். பார்வை மட்டும் போதும்.

பாம்பு, குளவி என்று பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானது. அதற்காக வெளியே போகாமல் இருக்க வேண்டாம், சில பழக்கங்களைக் கட்டாயமாக்குங்கள். மூடிய செருப்பு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடக்கூடாது: பொந்து, கற்குவியல், சருகுக்குவியல், கட்டைக்கு அடியில். கட்டையைப் புரட்டினால் பெரியவர்தான் புரட்ட வேண்டும், அதுவும் மறுபக்கத்தைத் தன் பக்கமாகத் தூக்கி. பார்த்து முடித்ததும் இருந்தபடியே வைக்க வேண்டும். இருட்டினால் டார்ச். பாம்பைப் பார்த்தால் அசையாமல் நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும்.

கடித்துவிட்டால் பிள்ளையை நடக்கவிடாமல் தூக்குங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, வளையல் கொலுசைக் கழற்றி, நேராக மருத்துவமனை. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

குளவி கொட்டி முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கீழே விழுந்த பறவைக் குஞ்சை எடுத்து வந்துவிட்டாள். என்ன செய்வது?

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வது பெரும்பாலும் உண்மையல்ல. இறகு முளைக்காத குஞ்சு என்றால், கூடு தெரிந்தால் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். இறகு வந்து தத்தித் தத்தி நடக்கிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது. பூனை, நாய் வராத பக்கத்துப் புதரில் விட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் தந்தை வந்து ஊட்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள்.

செத்துக் கிடக்கிற பூச்சியையோ பறவையையோ பார்த்து அழுகிறான்.

அழட்டும். "தூங்குது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தூங்கப் பயந்துபோகிற பிள்ளைகள் உண்டு. "செத்துப்போச்சு, இனிமே எழாது" என்று நேராகவே சொல்லலாம். பூச்சி என்றால் தள்ளி உட்கார்ந்து எறும்பு என்ன செய்கிறது என்று பார்க்க விருப்பமா என்று கேளுங்கள். சில பிள்ளைகள் பார்ப்பார்கள், சிலர் மண்ணைத் தோண்டிப் புதைக்க விரும்புவார்கள். இரண்டும் சரி. செத்த பறவையையும் விலங்கையும் வெறுங்கையால் தொட விடாதீர்கள்.

பார்த்ததையெல்லாம் பறித்து வந்துவிடுகிறாள்.

விழுந்து கிடப்பது எவ்வளவு வேண்டுமானாலும், பறிப்பது வேண்டாம் என்று ஒரே விதி வையுங்கள். விதை, இறகு, கல், சருகு எல்லாம் வீட்டில் ஒரு தட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும். அப்புறம் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடலாம். சரணாலயம், தேசியப் பூங்காக்களில் இறகுகூட எடுக்கக் கூடாது என்று விதி இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டுமா?

கட்டாயப்படுத்தினால் அது இன்னொரு வீட்டுப்பாடம். விரும்புகிற பிள்ளைக்கு மட்டும், தேதியும் ஒரு வரியும் போதும்: "முதல் தவளைச் சத்தம்", "மரத்தில் முதல் பூ". இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் இப்படித்தான் முதல் பூ, முதல் தளிர், முதல் குயில் என்று எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக 1958 வரை தொடர்ந்தார்கள். பருவகாலம் எப்படி மாறிவருகிறது என்று ஆராய்கிறவர்களுக்கு இன்று அது பெரிய சொத்து.

போனை எடுத்துப் போகலாமா?

பார்த்து முடித்த பிறகு எடுங்கள். படம் காட்டினால் உயிரினத்தின் பெயர் சொல்கிற சீக், பறவைச் சத்தம் கேட்டுப் பெயர் சொல்கிற மெர்லின் என்ற செயலிகள் இரண்டும் இலவசம், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தவறாகவும் சொல்லும், அதைப் பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள். படங்களைப் பொதுவில் பகிர்ந்தால் வீடு இருக்கிற இடம் தெரியாதபடி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று வயது. "போர்" என்று வர மறுக்கிறான்.

சிறு பிள்ளைக்குச் செய்ததையே செய்தால் வர மாட்டான்தான். வேறு வேலை கொடுங்கள். இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி, முன்னால் விளக்கு வைத்து, வந்து உட்கார்கிற அந்துப்பூச்சிகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் துணி நிறைந்துவிடும். கேமரா, சைக்கிள், நண்பர்கள், இரவு என்று எது பிடிக்குமோ அதன் வழியாக வரட்டும். பேசாமல் பக்கத்தில் நடந்தாலும் வந்ததாகவே கணக்கு.

பல பிள்ளைகளைச் சேர்த்துச் செய்ய ஏதாவது உண்டா?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவைகளை எண்ணுகிறார்கள். 1998-இல் வட அமெரிக்காவில் தொடங்கியது, 2013 முதல் எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, ஈபேர்ட் தளத்திலோ செயலியிலோ பதிய வேண்டும். காகமும் மைனாவும் மட்டுமே வந்தாலும் பதியுங்கள், அதுவும் தகவல்தான்.

பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரை நியமியுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க என்று வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளையோ அதிகம் நடக்க முடியாத பிள்ளையோ இருந்தால் இடத்தை முன்னதாகவே போய்ப் பார்த்து, எல்லோரும் ஒன்றாக நிற்கக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்; எண்ணுவதற்கு நடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒவ்வாமை, மருந்து பற்றி முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, மாற்றுத்துணி ஒரு செட், பெற்றோரின் தொலைபேசி எண்கள் எழுதிய தாள் ஆகியவை ஒரே பையில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரியவரின் தோளில் இருக்க வேண்டும்.